ஒரே தொகுதி, 53 வருஷம்

1970-ல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியில் மார்க்சிஸ்ட் கட்சியின் நடப்பு எம்.எல்.ஏ.வைத் தோற்கடித்துச் சட்டமன்றத்துக்குப் போனார் காங்கிரஸின் உம்மன் சாண்டி, பிற்பாடு கேரள முதலமைச்சர். 2023 ஜூலை 18-ல் இறந்தபோதும் புதுப்பள்ளி எம்.எல்.ஏ. அவர்தான். 12 தேர்தல், ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. நம்மூர் கருணாநிதியும் 13 முறை நின்று 13 முறையும் ஜெயித்தவர்தான். ஆனால் அவர் குளித்தலையில் தொடங்கி தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர் என்று மாறி மாறித் திருவாரூரில் முடித்தார். அது வேறு சாமர்த்தியம். ஒரே ஜனங்களிடம் ஐம்பது வருஷம் ஓட்டு வாங்குவது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. (அதே கோட்டயம் மாவட்டத்தில் பாலா தொகுதியை கேரள காங்கிரஸ் தலைவர் கே.எம்.மாணியும் சாகும்வரை விடவில்லை. அந்த மண்ணில் ஏதோ இருக்கிறது!)

ஞாயிற்றுக்கிழமை என்றால் புதுப்பள்ளி வீட்டில் கூட்டம். முதலமைச்சரான பிறகும் அது நிற்கவில்லை. திருவனந்தபுரத்து வீட்டுக்கும் 'புதுப்பள்ளி ஹவுஸ்' என்றே பெயர். 2011-ல் 140-க்கு 72 என்ற நூலிழைப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தவர், மாவட்டம் மாவட்டமாகப் போய் 'ஜன சம்பர்க்க' (மக்கள் தொடர்பு) முகாம் நடத்தினார். நள்ளிரவு தாண்டியும் நின்றபடியே மனு வாங்கி, அங்கேயே உத்தரவு எழுதினார். அதற்கு 2013-ல் ஐ.நா. பொதுச்சேவை விருதும் கிடைத்தது.

கிராம நிர்வாக அலுவலர் பார்க்க வேண்டிய வேலையை முதலமைச்சர் பார்க்கிறார் என்று இடதுசாரிகள் கிண்டலடித்தார்கள். அரசியலுக்காகச் சொன்னதுதான், ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து முதலமைச்சர் முன்னால் நிறுத்தினால்தான் உதவித்தொகை கிடைக்கும் என்றால், தாலுகா ஆபீஸ் எதற்கு? சட்டத்தை மாற்றவும் ஆபீஸை ஒழுங்குபடுத்தவும்தான் ஜனங்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவரோ அந்த ஆபீஸின் ஓட்டையைத் தன் உடம்பை வைத்து அடைத்தார். அவர் நகர்ந்ததும் ஓட்டை அப்படியேதான் இருந்தது.

சரி, அதற்காக மனு வாங்காமல் இருந்திருக்க வேண்டுமா? அதுவும் இல்லை. வரிசையில் நிற்கும் கிழவியிடம் 'நிர்வாகச் சீர்திருத்தம் வரட்டும் பாட்டி' என்று சொல்ல முடியாது. என் வருத்தமெல்லாம், அங்கே குவிந்த மனுக்களில் எந்த ஆபீஸ், எந்த விதி மக்களை அதிகம் அலைக்கழிக்கிறது என்று பார்த்து அந்த விதியையே திருத்தும் வேலை அதே வேகத்தில் நடக்கவில்லை என்பதுதான். அதற்கு அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

சோலார் பேனல் மோசடியில் அவர் ஆபீஸ்வரை எழுந்த ஊழல் புகார் அவரைப் படுத்தியது. 2013-ல் கண்ணூரில் போராட்டக்காரர்கள் எறிந்த கல்லில் நெற்றியில் காயம் பட்டது. 2021-ல் வாக்கு வித்தியாசம் 9,044 ஆகச் சுருங்கியது. இறந்தபிறகோ திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் வரை வழிநெடுக ஜனம், ஒரு நாளுக்கு மேல் ஊர்ந்தது அவர் உடலைக் கொண்டுபோன வண்டி. அடுத்து வந்த இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் 37,719 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வாரிசு அரசியல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த ஓட்டில் பெரும்பங்கு மகனுக்கு விழுந்ததாக நான் நினைக்கவில்லை.