கிழிச்சுப் போட்ட அந்த லெட்டர்

ரெண்டு வாரமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ஹக்கிள்பெரி ஃபின் நாவலைப் படிச்சுக்கிட்டு இருக்கேன். ஸ்கூல்ல நான்-டீடெய்ல்னு சுருக்கிக் குடுத்தாங்களே, அந்த மெலிசு புக்கு இல்ல, மார்க் ட்வெய்ன் எழுதின முழு நாவல். அந்தச் சுருக்கத்துல ஆறு இருந்துச்சு, தெப்பம் இருந்துச்சு, பசங்க சேட்டை இருந்துச்சு, ஜிம் மட்டும் சும்மா கூட வர்ற ஆளா இருந்தார். இப்ப 31ஆம் அத்தியாயத்துல வந்து நின்னுட்டேன், நாலு நாளா அதையே திருப்பித் திருப்பிப் படிக்கிறேன், யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும்னு தோணுச்சு.

கதை தெரியாதவங்களுக்கு: ஹக் பதிமூணு பதினாலு வயசுப் பையன், குடிகார அப்பன் அடி தாங்காம ஓடி வந்தவன். ஜிம் மிஸ் வாட்சன்ங்கற அம்மாகிட்ட அடிமையா இருந்தவர், 800 டாலருக்குத் தன்னை நியூ ஆர்லியன்ஸ் பக்கம் விக்கப் போறாங்கன்னு காதுல விழுந்ததும் தப்பிச்சு வந்தவர். ரெண்டு பேரும் ஒரே தெப்பத்துல மிசிசிப்பியில போறாங்க. நடுவுல வந்து ஒட்டிக்கிட்ட ரெண்டு ஃபிராடுங்க ஜிம்மை வெறும் 40 டாலருக்குப் பிடிச்சுக் குடுத்துடறாங்க. ஹக் தனியா உக்காந்து யோசிக்கிறான். அடுத்தவங்க சொத்தைத் திருட உதவி பண்ணிட்டோமே, மேல இருந்து கடவுள் பாத்துக்கிட்டே இருந்திருக்காரேன்னு நடுங்குறான். மண்டி போட்டு ஜெபம் பண்ணப் பாத்தா வார்த்தை வரமாட்டேங்குது. சரின்னு ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்து, உங்க அடிமை இங்கதான் இருக்கான், பணம் அனுப்பிக் கூட்டிட்டுப் போங்கன்னு மிஸ் வாட்சனுக்கு எழுதிடறான். எழுதி முடிச்சதும் பாவமெல்லாம் கழுவி விட்டாப்புல மனசு லேசாயிடுது.

ஆனா லெட்டரைக் கீழ வச்சிட்டு யோசிச்சா ஜிம் முகம்தான் வருது. இவன் தூங்கட்டும்னு எழுப்பாம இவனோட காவல் முறையையும் சேத்து அவரே முழிச்சிருந்தது, பனிமூட்டத்துல தொலைஞ்சு திரும்பி வந்தப்ப அவர் சந்தோஷப்பட்டது, எல்லாம் வருது. லெட்டரைக் கையில எடுக்குறான், உடம்பு நடுங்குது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் பாக்குறான், அப்புறம் "சரி, அப்ப நான் நரகத்துக்கே போறேன்"னு சொல்லிக் கிழிச்சுப் போட்டுடறான்.

இதுல என்னைத் தூக்கிவாரிப் போட்டது என்னன்னா, அந்த இடத்துல ஹக் அடிமை முறை தப்புன்னு உணரவே இல்ல. கடைசி வரைக்கும் அது சரிதான்னு நம்புறான், தான் பண்றது பாவம்னு நம்புறான், நரகம் உண்டு அதுல நெருப்பு உண்டுன்னும் நிஜமா நம்புறான். அத்தனையும் நம்பிக்கிட்டே கிழிக்கிறான். நாம வழக்கமா படிக்கிற கதைல ஊரே தப்புப் பண்ணும், ஹீரோவோட மனசாட்சி மட்டும் உண்மையச் சொல்லும். இங்க மனசாட்சிதான் ஊர் பக்கம் நிக்குது. 1895ல ட்வெய்னே இந்த நாவலைப் பத்திக் குறிப்பு எழுதினப்ப, நல்ல இதயமும் கோணிப்போன மனசாட்சியும் மோதி மனசாட்சி தோத்துப் போற கதைன்னுதான் எழுதினார்.

அவருக்கு இது வெளிய இருந்து பாத்துத் தெரிஞ்ச விஷயம் இல்ல. மிசௌரி மாநிலத்துல ஹானிபல்னு ஒரு ஆத்தங்கரை ஊர்ல வளர்ந்தவர். தான் பையனா இருந்தப்ப அடிமை முறை மேல ஒரு வெறுப்பும் வந்ததில்ல, அதுல தப்பு இருக்குன்னே தெரியாது, சர்ச்சுல கடவுளே சம்மதிச்ச விஷயம்னுதான் போதிச்சாங்கன்னு சுயசரிதைல சொல்லியிருக்கார். நாவல்லயே சாலி அத்தைன்னு ஒரு அம்மா வருவாங்க, பாசக்காரி, பிள்ளைங்கன்னா உயிரு. நீராவிப் படகு எஞ்சின்ல சிலிண்டர் மூடி வெடிச்சிடுச்சுன்னு ஹக் சும்மா ஒரு பொய் சொல்வான். யாருக்காவது அடிபட்டுச்சான்னு பதறிப்போய்க் கேப்பாங்க. இல்லம்மா, ஒரு கறுப்பன் செத்தான்னு இவன் சொல்வான் (அங்க இருக்கறது அதவிட மோசமான வசைச்சொல்). நல்லவேளை, சில சமயம் மனுஷங்களுக்கு அடிபட்டுடும்பாங்க அந்த அம்மா. அவ்வளவுதான், பேச்சு அடுத்ததுக்குப் போயிடும். சாலி அத்தை கெட்டவங்களா இருந்திருந்தா எனக்குத் தூக்கம் போயிருக்காது.

இந்த இடத்துலதான் எனக்கு மனோதத்துவ டாக்டர் சிக்மண்ட் ஃப்ராய்டு ஞாபகம் வந்தார். 1923ல அவர் சூப்பர் ஈகோன்னு ஒண்ணைச் சொன்னார். அப்பா அம்மா அதட்டுற குரல் குழந்தைக்குள்ள போய் உக்காந்துக்கும், வெளிய யாரும் இல்லாதப்பவும் அதட்டும், அதைத்தான் நாம மனசாட்சிங்கறோம்னு சுருக்கமா வச்சுக்கலாம். பத்து வருஷம் கழிச்சு இன்னொரு படி போனார்: குழந்தையோட சூப்பர் ஈகோ அப்பா அம்மாவைப் பாத்து உருவாகல, அவங்களோட சூப்பர் ஈகோவைப் பாத்துதான் உருவாகுதுன்னார். அப்படின்னா தாத்தாவோட அதட்டல் நம்ம வாய்க்கே வந்துடுது. ஃப்ராய்டு சொன்னதுல பாதிய இன்னைக்கு யாரும் ஏத்துக்கறதில்ல, எனக்கும் நெறைய சந்தேகம் உண்டு, ஆனா இந்த ஒண்ணு ஹக் பென்சில் எடுக்குற இடத்துல கண்ணுக்கு நேரா நடக்குது. இத்தனைக்கும் நாவல் அமெரிக்காவுல 1885லயே வந்துடுச்சு.

ட்வெய்னும் ஃப்ராய்டும் ஒரே ஊர்ல இருந்திருக்காங்க தெரியுமா? 1897லருந்து 1899 வரைக்கும் ட்வெய்ன் குடும்பத்தோட வியன்னாவுல இருந்தார். யூத வெறுப்பையே அரசியலா வச்சிருந்த லூகர் மேயரா வந்த நேரம் அது, அந்தப் பக்கத்துப் பத்திரிகைங்க ட்வெய்னையும் யூதன்னு சொல்லித் தாக்கினாங்க. ஃப்ராய்டு நேர்ல போய் ட்வெய்ன் பேச்சைக் கேட்டிருக்கார். 1930ல வந்த புத்தகத்துல மனசாட்சியைப் பத்தி எழுதுற இடத்துல, தான் முதமுதலா திருடின முலாம்பழம்னு ட்வெய்ன் சொன்ன கதையத்தான் அடிக்குறிப்புல சொல்றார், அவர் வாயாலயே கேட்டேன்னும் சொல்றார். ஹக்கையும் சூப்பர் ஈகோவையும் முடிச்சுப் போடறது என் வேலை, ஆனா முலாம்பழம் ஃப்ராய்டே போட்டது.

ஃப்ராய்டுக்கும் தைரியம்ங்கற விஷயத்துல ஒரு முள்ளு இருந்துச்சு. கனவுகளைப் பத்தின புத்தகத்துலயே அத எழுதியிருக்கார். அவருக்குப் பத்துப் பன்னெண்டு வயசு, அப்பா ஜேக்கப் கூட வாக்கிங் போறார். அப்பா தன் இளம் வயசுக் கதை ஒண்ணு சொல்றார். ஒரு சனிக்கிழமை நல்ல டிரஸ் போட்டு புது ஃபர் தொப்பி வச்சுக்கிட்டுத் தெருவுல போறப்ப, எதிர்ல வந்த ஒரு கிறிஸ்தவன் தொப்பியச் சேத்துல தட்டி விட்டு, யூதனே நடைபாதைய விட்டு எறங்குடான்னானாம். நீங்க என்ன பண்ணீங்கப்பான்னு பையன் கேக்குறான். ரோட்டுல எறங்கித் தொப்பிய எடுத்துக்கிட்டேன்னு அமைதியாச் சொல்றார். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற இவ்வளவு பெரிய மனுஷன் இப்படிப் பண்ணிட்டாரேன்னு பையனுக்கு நொறுங்கிப் போச்சு. ரோமைப் பழிவாங்குவேன்னு மகன்கிட்டச் சத்தியம் வாங்கின, பழங்காலக் கார்த்தேஜ் தளபதி ஹானிபலோட அப்பாவைக் கற்பனை பண்ணிக்கிட்டாராம்.

காலேஜ்ல இதப் படிச்சப்ப நானும் அந்தப் பையன் பக்கம்தான். இப்ப எனக்கே பன்னெண்டு வயசுல பையன் இருக்கான். தான் பட்ட அவமானத்தைப் பெத்த பிள்ளைகிட்ட, திருப்பி ஒரு அடி அடிச்சேன்னு ஒட்டுப் போடாம, நடந்தபடியே சொல்றதுக்கு எவ்வளவு திடம் வேணும்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. காலம் இப்ப எவ்வளவோ தேவலன்னு காட்டத்தான் ஜேக்கப் அதச் சொன்னார். 1896ல இறந்துட்டார். 1933ல பெர்லின்ல நாஜிங்க மகனோட புத்தகங்களை நெருப்புல போட்டாங்க, 1938ல மகன் 82 வயசுல வியன்னாவ விட்டு லண்டனுக்குப் போக வேண்டியதாச்சு.

நாவலுக்கே திரும்ப வரேன். எனக்கு அதோட கடைசிப் பகுதி பிடிக்கல, சொல்லிடறேன். ஹக்கோட சிநேகிதன் டாம் சாயர் வந்து, ஜிம்முக்கு மிஸ் வாட்சன் உயில்ல ஏற்கனவே விடுதலை குடுத்தாச்சுன்னு தெரிஞ்சும் சொல்லாம, அவரை அடைச்சு வச்ச குடிசையையே விளையாட்டு மைதானமா ஆக்கிடறான். லெட்டரைக் கிழிச்ச ஹக் அதுக்கும் தலையாட்டிட்டுக் கூட நிக்கிறான். அப்பவும் நிமிர்ந்து நிக்கிறது ஜிம்தான். டாம் கால்ல குண்டு பட்டதும், டாக்டர் வராம ஒரு அடி நகர மாட்டேன்னு கைக்கு வந்த விடுதலைய விட்டுட்டு நிக்கிறார். ஹக்கோட தைரியத்தைப் பத்தி ஊரெல்லாம் எழுதியாச்சு, இதப் பத்தி யாரும் சரியா எழுதலன்னுதான் நான் நெனைக்கிறேன்.

அந்தச் சுருக்கத்துல வெட்டிட்ட இன்னொரு இடம் இருக்கு. விடியக்காலைல ஜிம் முழங்காலுக்கு நடுவுல தலைய வச்சுக்கிட்டு அழுவார், நாலு வயசு மக எலிசபெத்த நெனச்சு. கதவைச் சாத்துன்னு சொல்லியும் சிரிச்சுக்கிட்டே நின்னாளேன்னு ஒரு அறை விட்டிருப்பார். கொஞ்ச நேரத்துல காத்துல கதவு படார்னு அவ முதுகுக்குப் பின்னால அடிச்சுக்கும், குழந்தை அசையவே அசையாது. காய்ச்சல்ல காது போயிருக்குன்னு அப்பதான் அவருக்குத் தெரியும்.

நேத்து ராத்திரி அந்த ஒரு பக்கத்த மட்டும் என் பையனுக்குத் தமிழ்ல சொல்லிப் படிச்சேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம், விடுதலை ஆனதும் அந்தப் பாப்பாவை அவர் போய்ப் பாத்தாராப்பான்னு கேட்டான். கடைசி அத்தியாயத்த எடுத்து ரெண்டு தடவ பாத்தேன். டாம் 40 டாலர் குடுத்தது இருக்கு, ஜிம் சந்தோஷப்பட்டது இருக்கு. எலிசபெத் பேரு இல்ல.