ஆதரிப்பதற்கும் அவமதிப்பதற்கும் ஒரே வினைச்சொல்

ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது ‘பேட்ரனைஸ்’ என்ற வினைச்சொல்லில் அரை நாள் நின்றுவிட்டேன். ஒரு கடைக்கு வாடிக்கையாகப் போவதையும், ஓவியருக்கோ நாடகக் குழுவுக்கோ பணம் தந்து ஆதரிப்பதையும் அது குறிக்கும். எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் இனிக்க இனிக்கப் பேசுவதையும் அதுவே குறிக்கும். அகராதிகள் இவற்றைத் தனித்தனிப் பொருள்களாக எண்ணிட்டுக் காட்டுகின்றன. எனக்கோ, ஒரே செயலைக் கொடுப்பவர் பக்கமிருந்தும் பெறுபவர் பக்கமிருந்தும் பார்த்ததால் வந்த வேறுபாடாகவே இது தோன்றுகிறது.

சொல்லின் வேர் இலத்தீனில் தந்தையைக் குறிக்கும் ‘பாட்டர்’. அதிலிருந்து வந்தது ‘பட்ரோனுஸ்’. ரோமில் அடிமையை விடுவித்த எசமானர் அன்றுமுதல் அவனுக்குப் பட்ரோனுஸ் ஆவார். விடுதலை பெற்றவனோ அவருக்கு மரியாதை செலுத்தச் சட்டப்படியே கடமைப்பட்டிருந்தான். எத்தனை வயதானாலும் எதிரில் நிற்பவர் பிள்ளைதான் என்ற கணக்கு வேரிலேயே இருந்திருக்கிறது.

அந்தக் கணக்கை ஏற்க மறுத்தவர்களில் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சனைப் போல் எழுதியவர் எவருமில்லை. தம் ஆங்கில அகராதிக்கான திட்டத்தை 1747-இல் செஸ்டர்ஃபீல்டு பிரபுவை விளித்து வெளியிட்ட அவர், பிரபுவின் வாயிலில் காத்திருந்து திரும்பியவர். அகராதி முடியும் தறுவாயில், 1754-இன் இறுதியில், பிரபு இதழொன்றில் அதைப் புகழ்ந்து இரண்டு கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரி 7 அன்று ஜான்சன் அவருக்குக் கடிதம் எழுதினார்: நீரில் உயிருக்குப் போராடுபவனைச் சலனமில்லாமல் பார்த்திருந்துவிட்டு, அவன் கரையேறிய பின் உதவி என்ற சுமையை அவன்மேல் ஏற்றுபவர்தானே புரவலர் என்று அதில் கேட்டார். அவ்வாண்டு வெளிவந்த அகராதியிலோ, ஆதரிப்பவர், காப்பவர் என்று ‘பேட்ரன்’ என்ற புரவலருக்குப் பொருள் சொன்ன கையோடு, பெரும்பாலும் ஆணவத்தோடு ஆதரித்து முகத்துதியைக் கூலியாகப் பெறும் இழிமகன் என்றும் சேர்த்தார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பிரபு சினம் கொள்ளவில்லை. கடிதத்தைப் பதிப்பாளர் டாட்ஸ்லிக்குப் படித்துக்காட்டி, இந்த மனிதருக்குப் பேராற்றல் இருக்கிறது என்று மெச்சி, மிகக் கடுமையான வரிகளைச் சுட்டி, எவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள் என்றாராம். தம்மை வைத வசைக்கே அவர் புரவலராகிவிட்டார்! வினைச்சொல்லின் இரண்டு பொருளும் ஒருசேர நிகழ்ந்த தருணம் என்று இதைத்தான் சொல்வேன்.

இன்றைய வழக்கில், செயப்படுபொருள் கடையாகவோ நிறுவனமாகவோ இருந்தால் பெரும்பாலும் ஆதரவு. மனிதராக இருந்தால் பெரும்பாலும் அவமதிப்பு. கடையில் பணத்துக்குப் பொருள் கிடைத்ததும் கணக்குத் தீர்ந்துவிடுகிறது. மனிதரிடம் அது நன்றிக்கடனாக நீள்கிறது.

தமிழில் ஆதரவுக்குச் சொல் தேட வேண்டியதில்லை. மற்றதற்கு ‘மட்டம் தட்டினார்’ என்று எழுதி அடித்துவிட்டேன், அதில் இனிப்பு இல்லை. ‘ஏளனம் செய்தார்’ என்பதில் பகை வெளிப்படையாகத் தெரிகிறது. கடைசியில் ‘பெரிய மனிதத் தோரணையில் பரிவு காட்டினார்’ என்று எழுதினேன். ஒரு வினைக்கு ஐந்து சொற்கள் செலவானதில் எனக்கு வருத்தமில்லை.