எஸ்பெராண்டோவில் பிறமொழிச் சொல்லுக்குத் தடையா?

பன்னாட்டுப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளிச்சொல் எதையும் அப்படியே எடுக்கக் கூடாது, "ஹுர்ரா" போன்ற கூவல்கள்கூட விதிமீறல் என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். சின்னத் திருத்தம்: விதி சொல்வது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது.

1905இல் வெளியான 'ஃபுண்டமெண்டோ' என்ற அடிப்படை நூலில் இலக்கண விதிகள் மொத்தம் 16. அதில் 15ஆவது விதியைப் பாருங்கள். பெரும்பாலான மொழிகள் ஒரே மூலத்திலிருந்து எடுத்துக்கொண்ட சொல்லை மாற்றாமல் எடுக்கலாம், எழுத்துமுறை மட்டும் எஸ்பெராண்டோவுக்கு ஏற்ப இருந்தால் போதும் என்கிறது. அங்கே தரும் உதாரணமே அழகு: நாடக அரங்குக்கு 'தேயாத்ரோ'. ஆனால் அதன் பெயரடைக்கு ஆங்கிலத்தின் 'தியேட்ரிக்கல்' வடிவத்தை இழுத்து வர வேண்டாம், கடைசி 'ஓ'வை 'ஆ' ஆக்கி 'தேயாத்ரா' என்றாலே போதும். அதாவது வேர்ச்சொல்லுக்கு வாசல் திறந்திருக்கிறது, அதன் கிளைகளை மட்டும் வீட்டிலேயே வளர்த்துக்கொள்.

கணினிக்குக் 'கொம்பூதீலோ' என்று எஸ்பெராண்டோவின் சொந்த ஒட்டு சேர்த்துச் சொல்வதைப் பார்த்துத்தான் இந்தக் குழப்பம் வந்திருக்கும் என நினைக்கிறேன். அது புழக்கத்தில் வென்ற வடிவம், அவ்வளவுதான்.

சரிபார்ப்பது எளிது. அந்த நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, இலக்கணப் பகுதி ஆங்கிலத்திலும் உண்டு. அப்புறம், அதன் சொற்பட்டியலில் 'ஹுரா'வைத் தேடுங்கள். 'ஹோ', 'ஃபி', 'வே' போன்ற கூவல்கள் எல்லாமும் அங்கேயே இருக்கின்றன.