செய்தித் தமிழில் பாஸ், பேச்சுத் தமிழில்?

சொற்களுக்குக் கணினிக் கருவி தானாகவே பெயர், வினை என்று குறியிடும் வேலை 97 சதவீதத் துல்லியத்தோடு முடிந்துபோன விஷயம் என்கிறார் உங்கள் தொடரின் கட்டுரையாளர். அந்த எண் ஆங்கிலப் பத்திரிகைச் செய்திகளுக்குக் குறியிட வைத்துப் பார்த்ததில் கிடைத்தது, அதுவும் சொல்லுக்குச் சொல் எண்ணியது. 20 சொல்லுள்ள வாக்கியமென்றால் 0.97ஐ 20 தடவை பெருக்கிப் பாருங்கள், 0.54தான் வரும். கிட்டத்தட்டப் பாதி வாக்கியங்களில் எங்கோ ஒரு பிழை இருக்கும்!

தமிழுக்கு வருவோம். பல மொழிகளின் இலக்கணக் குறியிட்ட வாக்கியங்களைச் சேர்த்துவைக்கும் யூனிவர்சல் டிபென்டன்சீஸில் உள்ள டிடிபி (TTB) என்ற தமிழ் மரவங்கி, அதாவது குறியிட்ட வாக்கியத் தொகுப்பு, வெறும் 600 வாக்கியம், எல்லாம் செய்தித் தமிழ். 'படி' பெயரா வினையா என்பதைப் பக்கத்துச் சொல்லைப் பார்த்து ஓரளவு பிடித்துவிடலாம். எங்கட மட்டக்களப்பில் 'மறுகா கிறுகி வாறன்' (பிறகு திரும்பி வருகிறேன்) என்றால் கருவி என்ன செய்யும்? பயிற்சியில் காணாத சொல்லை, கருவி அதன் ஈற்றையும் அக்கம்பக்கத்தையும் வைத்துத்தான் ஊகிக்கும். 'மறுகா' வினையடை என்பதற்கு ஈற்றில் ஒரு தடயமும் இல்லை, பெயர்ச்சொல் பக்கம் தள்ளிவிடத்தான் வாய்ப்பு. 'வருகிறேன்' மட்டும் படித்த கருவிக்கு 'வாறன்' கூட அந்நியம். (பேஸ்புக்கில் எங்கட பெடியன்கள் எழுதுவது முழுக்க இந்தத் தமிழ்தான்.)

எங்கட கிழக்கு மாகாணத்தில் வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கு. மாணவர்கள் ஊர்ப்பேச்சு வாக்கியங்களுக்குக் கையால் குறியிடலாம். ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு இலக்கணம் உள்ளே போய்விடும்.

அடுத்த பகுதியில் அதே கருவியைப் பேச்சுத் தமிழில் ஓட்டிய முடிவையும் போடுவீர்களா?