ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை

ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் குழுவில் ஓடிய பேச்சை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் சங்கத்தின் மின்னஞ்சல் சர்வரைக் கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் மூலநிரலோடு தரப்படும் மென்பொருளில், நான்தான் நடத்துகிறேன். அழைப்பு சிலருக்குப் போகவில்லை என்றதும் அதைப் பற்றி வந்த ‘இலவசச் சரக்கு இப்படித்தான் இருக்கும்’ என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை.

சனிக்கிழமை அனுப்பிய ஆண்டுக்கூட்ட அழைப்பு, ஒரு பெரிய மின்னஞ்சல் நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. நம் சர்வர் பழுதாகவில்லை. இணையத்தில் நம் சர்வரை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரிக்கு அண்டையில் இருக்கும் யாரோ ஸ்பேம் அனுப்பியிருக்கிறார்கள். அதற்காக அந்த நிறுவனம் நம்மையும் சேர்த்துத் தெருவையே அடைத்துவிட்டது. கடிதம் உண்மையிலேயே நம்மிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் நம்மிடம் சரியாக இருக்கின்றன. அப்படியிருந்தும் 421 என்ற எண்ணைக் காட்டி, பிறகு வரச் சொல்லிவிட்டார்கள்.

4-இல் தொடங்கும் பதில் வந்தால், நம் சர்வரில் கடிதங்களை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தைத் தூக்கி எறியாது. வரிசையில் வைத்துக்கொண்டு, விட்டு விட்டு மறுபடியும் முயலும். அமைப்பை நாம் மாற்றாதவரை ஐந்து நாள் முயலும். ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை. இதைக் குழுவில் மூன்று முறை சொன்னேன்.

கட்டற்ற மென்பொருள் என்பதை ‘ஆள் இல்லாத மென்பொருள்’ என்று படிக்கிறீர்கள். போஸ்ட்ஃபிக்ஸை வீட்ஸ வெனமா ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது 1998-இல் வெளியிட்டார். இன்றுவரை அதைத் திருத்திக் காத்து வருகிறார்கள். நீங்கள் பெட்டியைத் திறந்தால் கடிதத்தை எடுத்துத் தரும் டவ்காட், டிமோ சிரைனென் 2002-இல் வெளியிட்டது. மூலநிரலை அவர்கள் தந்துவிட்டார்கள். வட்டு நிரம்பாமல் பார்ப்பதும், பாதுகாப்புத் திருத்தம் வந்த இரவே அதை நிறுவுவதும், பதிவுக் கோப்புகளை வரி வரியாகப் படிப்பதும் யார் வேலை? ஒன்பது ஆண்டுகளாக என் வேலை.

தவறே நடந்ததில்லையா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. இது நம் சர்வர்தான் என்று உறுதிசெய்யும் 90 நாள் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டும், டவ்காட் பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. புதியதை ஏற்கச் சொல்லும் ஒரு வரியை நான் சேர்க்காமல் விட்டிருந்தேன். என் தவறுதான். அன்று அக்கா மகளுக்கு வளைகாப்பு. மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து கைபேசியிலேயே சரிசெய்து முடித்துக் கீழே இறங்கியபோது வளையல் அடுக்கி முடித்திருந்தார்கள். அக்கா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பெரிய நிறுவனத்துக்கே மாறிவிடலாமே என்கிறார்கள். செலவைப் பற்றிப் பேசலாம்; அது நியாயமான கேள்வி. ஆனால் ‘எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எல்லோரும் அங்கே போனதால்தான் ஒரே நிறுவனம் கதவைச் சாத்தினால் ஊரே நிற்கிறது. மின்னஞ்சல் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய விதிகளில் பெரிய சர்வர், சிறிய சர்வர் என்ற பேதம் கிடையாது. அதை நாமே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நம் பழைய பொருளாளர் இறந்தபின் அவர் மகள் வந்து கேட்டாள். அப்பா எழுதிய ஏழு ஆண்டுக் கடிதங்களையும் அன்று மாலையே எடுத்துக் கொடுத்தேன். எந்த நிறுவனத்துக்கும் விண்ணப்பம் போடவில்லை, யாரிடமும் காத்துக் கிடக்கவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே வாங்கிப் போனாள். அதுவும் இந்த இலவசச் சரக்கில் இருந்துதான் வந்தது.

திங்கட்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தடை நீங்கியது. வரிசையில் நின்ற 143 அழைப்புகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. உடனே குழுவில் தெரிவித்தேன். இந்த நிமிடம்வரை ஒருவரும் பதில் எழுதவில்லை.