பத்து மைக்ரோமோலார் பழக்கம்

ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது நான் எழுதிய ஒரு வாக்கியம் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இந்தப் பொட்டுகளை உண்டாக்குவது டி.என்.ஏ-பி.கே. என்ற நொதிதான்." இவ்வளவு அடித்துச் சொல்ல என்னிடம் இருந்த ஆதாரம், நொதிகளைத் தடுக்கும் வோர்ட்மானின் என்ற மருந்து ஒரு குப்பி.

நடந்தது இதுதான். செல்களுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் சேர்ந்தே அறுந்துபோகும். அறுந்த இடத்தைச் சுற்றி எச்2ஏஎக்ஸ் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறும். அந்தப் பாஸ்பேட்டை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியைப் பச்சை நிறத்தில் ஒளிர வைத்தால், நுண்ணோக்கியில் நீல உட்கருவுக்குள் பச்சைப் பொட்டுகள் சிதறிக் கிடப்பது தெரியும். கதிர்வீச்சுக்கு முன்னால் நான் 20 மைக்ரோமோலார் செறிவில் வோர்ட்மானின் சேர்த்தேன். தட்டு முழுக்கத் தேடியும் பொட்டைக் காணோம். வோர்ட்மானின் டி.என்.ஏ-பி.கே.யைத் தடுக்கும் என்று படித்திருந்தேன். அப்புறம் என்ன, வாக்கியத்தை எழுதிவிட்டேன்.

ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "டி.என்.ஏ-பி.கே.யே இல்லாத செல் நம்மகிட்ட இருக்கே, அதுல பாத்தியா?" பார்த்தேன். பொட்டுகள் வழக்கம்போல ஜம்மென்று வந்திருந்தன.

காரணம் கண்முன்னே இருந்தது. வோர்ட்மானின் டி.என்.ஏ-பி.கே.யைப் பாதியளவு தடுக்க, சோதனைக் குழாயில் 16 நானோமோலார் (நானோமோலார் என்பது மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போதும். அதன் உறவுக்கார நொதியான ஏ.டி.எம்.முக்குச் சுமார் 150. இந்த ஏ.டி.எம்.மும் அதே பாஸ்பேட்டை ஏற்றக்கூடியது. நான் போட்டதோ 20,000 நானோமோலார்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திவிட்டு, பூச்சி எந்த அறையில் இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்திருக்கிறேன்.

என் புகார் வோர்ட்மானின் மேல் இல்லை. "ஏ.டி.எம். இன்ஹிபிட்டர்", "ஏ.டி.ஆர். இன்ஹிபிட்டர்" (இன்ஹிபிட்டர் என்றால் தடுப்பான், ஏ.டி.ஆர். இதே குடும்பத்து இன்னொரு நொதி) என்று குப்பி மேல் ஒட்டியிருக்கும் பெயரை நாம் அப்படியே நம்பிவிடுகிறோமே, அதன் மேல்தான். அது விற்பவர் வைத்த பெயர். செல்லுக்குள் போன மூலக்கூறுக்கு அந்தப் பெயர் தெரியாது.

இது இன்று நேற்று வந்த சிக்கலும் இல்லை. டி.என்.ஏ. சேதமானால் செல் பிரிவதை நிறுத்திவைக்கும். காஃபின் கொடுத்தால் அந்தத் தடை தளர்ந்துவிடும் என்பது பழைய செய்தி. காஃபின் ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். இரண்டையும் தடுக்கிறது என்று 1999இல் சோதனைக் குழாயில் காட்டினார்கள். சரி, விஷயம் தீர்ந்தது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். 2003இல் செல்லுக்குள்ளேயே பார்த்தால், தடை தளர்ந்திருக்கிறது, ஆனால் அந்த இரண்டு நொதிகளும் தங்கள் இலக்குகளில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

பிறகு நல்ல மூலக்கூறுகள் வந்தன. 2004இல் வந்த கேயூ-55933 ஏ.டி.எம்.மை 13 நானோமோலாரில் பாதியளவு தடுக்கும். டி.என்.ஏ-பி.கே.யைத் தொட 2,500 நானோமோலார் வேண்டும். அருமையான இடைவெளி. ஆனால் பல கட்டுரைகளில் செய்முறைப் பகுதியைத் திறந்தால் 10 மைக்ரோமோலார், அதாவது 10,000 நானோமோலார். இதற்கு ஓரளவு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்து, நொதியில் ஏ.டி.பி. (பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறு) உட்காரும் இடத்தில் போட்டிபோட்டு உட்காருவது. செல்லுக்குள் ஏ.டி.பி. மில்லிமோலார் கணக்கில் குவிந்து கிடப்பதால் குழாயில் போதுமான அளவு அங்கே போதாது. அதனால் கூட்டத்தான் வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்று நம் செல்லில் நாமே பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் முன்னால் இருந்தவர் 10 போட்டார், நாமும் 10 போடுகிறோம்.

இனிபாரிப் என்ற மருந்தின் கதை தெரிந்தவர்களுக்கு இது வெறும் ஆய்வகச் சண்டை இல்லை என்பது புரியும். டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்க உதவும் பார்ப் என்ற நொதியின் இன்ஹிபிட்டர் என்ற பெயரோடு அது மார்பகப் புற்றுநோயாளிகளிடம் மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. 2011இல் தோற்றது. 2012இல் செல்களில் ஒழுங்காகச் சோதித்தபோது, அது பார்ப் நொதியை உருப்படியாகத் தடுக்கவே இல்லை என்று தெரிந்தது. இது முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை. உண்மையான பார்ப் இன்ஹிபிட்டரான ஓலாபாரிபுக்கு அமெரிக்காவில் 2014 டிசம்பரில் அனுமதி கிடைத்தது.

பெயர் சரியாக இருந்தாலும் முடிந்துவிடாது. நொதியைத் தடுப்பதும் நொதியே இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல. ஏ.டி.எம். மரபணுவை நீக்கிய எலி பிறக்கும், வளரும், நோயோடு வாழும். ஏ.டி.எம். புரதம் இருந்து அதன் வினைத்திறன் மட்டும் செத்திருந்தால் எலி கருவிலேயே இறந்துவிடும். முதல் தடவை படித்தபோது தலைகீழாக எழுதிவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். வேலை செய்யாத புரதம் போய் இடத்தை அடைத்துக்கொள்கிறது, ஆளே வராமல் இருப்பதைவிட அது மோசம். பார்ப் விஷயமும் இதுதான். டலசோபாரிப் என்ற பார்ப் இன்ஹிபிட்டர் பார்ப் புரதத்தை டி.என்.ஏ. மேலேயே பொறியில் சிக்கிய மாதிரி நிறுத்திவைக்கும். வெலிபாரிப் என்ற இன்னொரு பார்ப் இன்ஹிபிட்டர் நொதியின் வினையைத் தடுக்கும், ஆனால் அவ்வளவாகச் சிக்கவைக்காது. செல்லைக் கொல்வதில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முக்கியமான பார்ப் நொதியான பார்ப்1 இல்லாத செல்லில் இந்த மருந்துகளின் வீரியமே குறைந்துவிடும். சிக்கவைக்க ஆள் இல்லையே!

"அப்படியானால் இன்ஹிபிட்டரே வேண்டாம், மரபணுவை வெட்டிவிடலாமே" என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஏ.டி.ஆர். போன்றதை வெட்டினால் செல்லே பிழைக்காது. மற்றவற்றை வெட்டி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் செல் வேறு வழி பழகிவிடும். மருந்தோ சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கும், பல மருந்துகளைக் கழுவியும் எடுத்துவிடலாம். சேதத்துக்கு முன்னால் தடுத்தால் என்ன, ஒரு மணி நேரம் கழித்துத் தடுத்தால் என்ன என்று கேட்க வேறு கருவி ஏது?

ஆகவே இப்போது என் வழக்கம் இப்படி. ஏ.டி.ஆர். தடுக்கப்பட்டது என்று சொல்லும் முன், அது சி.எச்.கே.1 புரதத்தின் 345ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றும் பாஸ்பேட், மருந்தின் எந்த அளவில் மறைகிறது என்று பார்ப்பேன். மறையும் மிகக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்வேன். அமைப்பில் சம்பந்தமே இல்லாத இன்னொரு இன்ஹிபிட்டரும் அதே பதிலைத் தர வேண்டும். முடிந்தால், அமைப்பில் மருந்தைப் போலவே இருந்தும் நொதியைத் தடுக்காத இரட்டை மூலக்கூறு ஒன்றையும் பக்கத்தில் ஓட்டுவேன்.

இன்னொன்று, யாரும் கட்டுரையில் எழுதாதது. இந்த மருந்துகளைக் கரைத்து வைக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் 18 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். குப்பியை அவசரமாக எடுத்துப் பாதி உருகியதும் பிப்பெட்டை விட்டால், கரைசலின் அடர்த்தி மேலே ஒன்று, கீழே ஒன்று. கெட்டியான அந்தத் திரவத்தில் இரண்டு மைக்ரோலிட்டரை எடுத்து, செல் வளரும் ஊடகத்தில் விட்டவுடன் கலக்காவிட்டால், சில மருந்துகள் ஊசி ஊசியாகப் படிகமாகிவிடும். போன மாதம் ஒரு மாணவி "மருந்து கொடுத்த செல் மேல ஏதோ முடி மாதிரி கிடக்கு" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மருந்து முழுக்க அங்கேதான் கிடந்தது, செல்லுக்கு வெளியே.