பேஸ் கேட்காத அஞ்சலி

சனிக்கிழமை மண்டபத்தில் ஆஸ்டன் பாரெட்டுக்காக நம் ரசிகர் கூட்டம் நடத்திய அஞ்சலியைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வீடியோவைப் பகிர்ந்து "நெகிழ்ச்சியான அஞ்சலி" என்று ஆளாளுக்கு எழுதத் தொடங்கியதும் பேசாமல் இருக்க முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்கள் வீடியோவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்டன் பாரெட் ஒரு பேஸ் கலைஞர். பாட்டின் அடியில் தாழ்ந்த சுருதியில் ஓடுகிற கிட்டார்தான் பேஸ். உலகம் 'ஃபேமிலி மேன்', அதாவது குடும்பஸ்தன், என்று அழைத்த மனிதர். 1946 இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 2024 பெப்ரவரி 3 அன்று மயாமியில் இறந்தவர். அவருக்காக நாம் கூடிய கூட்டத்தில் பேஸ் கேட்கவில்லை. மடிக்கணினியின் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் பாட்டுப் போட்டார்கள். பாடகரின் குரல் கேட்டது, கிட்டாரின் வெட்டு கேட்டது, கீழே ஒன்றுமே இல்லை. எந்த மனிதனுக்காகக் கூடினோமோ அந்த மனிதன் மட்டும் அந்தப் பாட்டில் இல்லை. மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தோம். ஒருவருக்குமா அது உறைக்கவில்லை?

திரையில் ஓடிய படங்களில் முக்கால்வாசி ஜமைக்கப் பாடகர் பொப் மார்லி. மார்லி சிரிக்கிறார், மார்லி பந்து விளையாடுகிறார், மார்லி கண்ணை மூடிப் பாடுகிறார். ஃபேமிலி மேன் எங்கோ ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறார். பேசியவர்களில் ஒருவர் அவரை "மார்லிக்குப் பின்னால் நின்று வாசித்தவர்" என்றே அறிமுகப்படுத்தினார். பின்னால் நின்றவரா? மார்லியின் வெய்லர்ஸ் இசைக்குழுவை நடத்தியவரே அவர்தான்.

பிறகு அந்தப் பிள்ளைகள் பகிடி. அவருக்கு 41 பிள்ளைகள் என்று பத்திரிகைகள் எழுதியது உண்மைதான். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர் என்று மேடையில் சொல்லிச் சிரித்தார்களே, அது பிழை. ஒரு பிள்ளைகூடப் பிறக்கும் முன்பே அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. இசைக்குழுவை ஒரு குடும்பமாகக் கட்டிக் காக்க வேண்டியவன் தான் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். அவர் தன் வேலையை எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அதையே எடுத்துப் படுக்கையறைப் பகிடியாக்கி, இறந்தவரின் படத்துக்குக் கீழே நின்று சிரித்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கு இந்த இசையைக் காட்டித் தந்தவர் ஒரு ஜமைக்காக்காரப் பெரியவர். லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலை. அவர் அங்கே மாவு குழைக்கும் இயந்திரத்தில் நின்றார். அதிகம் கதைக்க மாட்டார். ஒருநாள் விடிகாலையில் வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முன்னறையில் அலுமாரி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அவரே பலகை அறுத்து அடித்தது. இசைத்தட்டைப் போட்டுவிட்டு, பெட்டியின் பக்கப் பலகையில் என் உள்ளங்கையை எடுத்து வைத்தார். பாடுகிறவனை விட்டுவிடு, கீழே என்ன நடக்கிறதென்று பார் என்றார். பலகை அதிர்ந்தது. நின்றது. நான் எதிர்பார்த்த இடத்தில் வராமல், கொஞ்சம் தள்ளி மறுபடியும் அதிர்ந்தது. பெட்டியின் மேல் கிடந்த சாவிக்கொத்து ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு நூல் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்துவிட்டது. அதுவரை நான் ஜமைக்காவின் ரெகே இசையைப் பாட்டாகத்தான் கேட்டிருந்தேன். அதற்குள் இப்படி ஒரு ஆள் நடமாடுகிறார் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஆள்தான் ஃபேமிலி மேன். பெரியவர் காலமாகிவிட்டார். சனிக்கிழமை அந்த மடிக்கணினிச் சத்தத்தைக் கேட்டிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பார்.

"மார்லி இல்லாவிட்டால் ஃபேமிலி மேனை யாருக்குத் தெரியும்?" என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டார்கள். மார்லியுடன் சேர்வதற்கு முன்பே அவரும் தம்பி கார்ல்டனும் கிங்ஸ்டனில் பெயர் பெற்ற இணை. தம்பி டிரம்ஸ், அண்ணன் பேஸ். ஹிப்பி பாய்ஸ் குழுவில் வாசித்தார்கள். தயாரிப்பாளர் லீ 'ஸ்க்ராட்ச்' பெரியின் அப்செட்டர்ஸ் குழுவாகவும் வாசித்தார்கள். 1970 வாக்கில் மார்லி, பீட்டர் டொஷ், பனி வெய்லர் மூவரும் பெரியிடம் பாட வந்தபோது பின்னால் வாசித்தது இந்தச் சகோதரர்கள். அந்த ஒலியைக் கேட்ட பிறகு மூவரும் இவர்களை விடவில்லை. டொஷும் பனியும் 1974 இல் பிரிந்து போனார்கள். பாரெட் சகோதரர்கள் நின்றார்கள். உலகம் மார்லியின் ஒலி என்று இன்று அடையாளம் காண்கிற ஒன்று இருக்கிறதே, அதன் அடித்தளம் இவர்கள் இருவரும் போட்டது.

வெல்டிங் வேலையும் சைக்கிள் திருத்தும் வேலையும் செய்த பையன் அவர். முதல் பேஸைக் கடையில் வாங்கவில்லை. ஒட்டுப்பலகையில் உடல், மரச்சட்டத்தில் கழுத்து, நரம்புக்குத் திரைச்சீலைக் கம்பி. இதை மேடையில் சொன்னார்களா? இல்லை. பிள்ளைகள் கணக்குத்தான் சொன்னார்கள்.

சரி, அவர் அப்படி என்னதான் வாசித்தார்? ரெகேயில் 'ஒன் டிராப்' என்று ஒரு தாளம். மற்ற இசையில் ஓங்கி அடிக்கும் முதல் அடியைக் கார்ல்டன் வெறுமையாக விடுவார். பெரிய டிரம் மூன்றாவது அடியில்தான் இறங்கும். அந்த வெறுமைக்குள் எதை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்று தீர்மானிப்பவர் அண்ணன். 1977 இன் 'எக்ஸோடஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரை நிமிடத்துக்கும் மேல், கிட்டத்தட்ட ஒரே ஒரு கோர்டில், ஒரே சுரச்சேர்க்கையில் போகிறது. சுருதி எங்கும் போகாமல் நிற்க, ஒரு சனமே நடந்து போவது போல அந்தப் பாட்டு நகர்கிறதே, நகர்த்துவது யார்? குரலா? குரல் வருவதற்கு முன்பே அது நடக்கத் தொடங்கிவிடுகிறது. டிரம்ஸ் இதயத் துடிப்பு, பேஸ் முதுகெலும்பு, பேஸ் சரியில்லாவிட்டால் இசைக்கே முதுகு போய்விடும் என்ற பொருளில் அவர் ஒருமுறை சொன்னார். சனிக்கிழமை நாம் கேட்டது முதுகு போன இசை.

'எக்ஸோடஸ்' இசைத்தட்டின் பெரும்பகுதி இதே லண்டனில், நொட்டிங் ஹில் பக்கம் பேசிங் வீதி ஸ்டூடியோவில் பதிவானது. 1976 டிசம்பரில் கிங்ஸ்டன் வீட்டில் மார்லியைச் சுட்ட பிறகு எல்லோரும் இங்கேதான் வந்து இருந்தார்கள். செல்சியில் அவர்கள் இருந்த 42 ஓக்லி வீதி வீட்டுக்கு 2019 இல் நினைவு நீலப் பலகை வைத்தார்கள். அதில் மார்லியின் பெயர் இருக்கிறது. சரி, அது மார்லிக்கான பலகை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஃபேமிலி மேனுக்கென்று நாமே வைத்த நாளிலும் மார்லியின் பெயரையே சொன்னதுதான் என் சண்டை.

இன்னொன்று. அவருடைய பேஸுக்கு உதாரணம் என்று சொல்லி முதலில் போட்ட பாட்டு 'கொன்கிரீட் ஜங்கிள்'. 1973 இல் வந்த 'கேட்ச் எ ஃபயர்' தட்டின் முதல் பாட்டு. அந்த ஒரு பாட்டில் பேஸ் வாசித்தது ரொபி ஷேக்ஸ்பியர். அவர் ஃபேமிலி மேனிடம் கற்றவர். ஹிப்பி பாய்ஸில் ஆசானின் இடத்துக்கு வந்தவர். பிறகு டிரம்ஸ் கலைஞர் ஸ்லை டன்பாருடன் சேர்ந்து உலகம் சுற்றியவர். 2021 டிசம்பரில் அவரும் போய்விட்டார். ஆசானுக்கான அஞ்சலியில் மாணவனின் வாசிப்பைப் போட்டு, அது மாணவனுடையது என்றும் சொல்லாமல் விட்டோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் அநியாயம். "இவ்வளவு நுணுக்கம் யாருக்குத் தேவை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ரசிகர் கூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். ரசிகருக்கு இல்லாமல் வேறு யாருக்கு இந்த நுணுக்கம் தேவை?

"எழுதியது மார்லி, மெட்டும் மார்லி, வாசித்தவருக்கு இவ்வளவு ஏன்?" வரிகள் மார்லியுடையவை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வரிகளோடு நானும் வளர்ந்தேன். 1976 தட்டில் 'ஹூ தி கேப் ஃபிட்' பாட்டு பாரெட் சகோதரர்களின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. பதிப்பு ஒப்பந்தச் சிக்கலால் மார்லி தன் பாட்டுகளை மற்றவர்கள் பெயரில் போட்டார் என்று இதற்கும் ஒரு பதில் வரும். வரட்டும். பெயர் யாருடையது என்பதைக் காகிதம் தீர்மானிக்கட்டும். காது தீர்மானிக்கிற ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டுகளை பேஸ் இல்லாமல் ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டோமே, சனிக்கிழமை.

காகிதம் என்றதும் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. 2006 இல் இதே லண்டனின் உயர் நீதிமன்றத்தில் அவர் உரிமைத்தொகை கேட்டு ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் மார்லி குடும்பத்துக்கும் எதிராக நின்றார். கோரிய தொகை சுமார் 6 கோடி பவுண்ட். தோற்றார். 1994 இல் கையெழுத்திட்ட சமரசத்தில் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது அந்தத் தோல்விக்கு முக்கியமான காரணம். "நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று இதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு: ஒப்பந்தம் யாருக்குப் பணம் போக வேண்டும் என்று சொல்லும். யார் வாசித்தார் என்பதை எந்த நீதிபதியும் மாற்றி எழுத முடியாது. அறுபதைத் தொடும் வயதில், தன் இசைக்காக அந்நிய ஊர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கார்ல்டனின் பெயரையும் மேடையில் யாரும் சொல்லவில்லை. 1987 ஏப்ரலில் கிங்ஸ்டனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த முதல் அடியை வெறுமையாக விட்ட தம்பியை இழந்த பிறகு அண்ணன் இன்னும் பல ஆண்டுகள் ஊர் ஊராக வெய்லர்ஸ் பெயரில் வாசித்தார். புதுப்புது டிரம்ஸ் கலைஞர்கள். அதே பேஸ். ஒவ்வொரு மேடையிலும் பக்கத்தில் தம்பி இல்லாமல் அந்த இடைவெளிகளை வாசிப்பது எப்படி இருந்திருக்கும்? இதைப் பற்றி ஒருவராவது பேசுவார் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். தேநீர் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஜமைக்கா அரசு 2021 இல் அவருக்கு விருது கொடுத்தது. அவர் இறந்த சில நாட்களில் மார்லியின் வாழ்க்கைப் படம் திரைக்கு வந்தது. அதில் ஃபேமிலி மேனாக நடித்தவர் அவருடைய மகன், ஆஸ்டன் பாரெட் ஜூனியர். அவரும் பேஸ் வாசிப்பவர். 41 என்று எண்ணிச் சிரித்தவர்களுக்கு அந்த ஒரு மகனைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

"தங்கள் கைக்காசைப் போட்டு மண்டபம் எடுத்து நடத்தினார்கள், நீ உட்கார்ந்து குறை சொல்கிறாய்." கைக்காசு போட்டார்கள், மதிக்கிறேன். நானும் கதிரை அடுக்கினேன். ஒழுங்கான ஸ்பீக்கர் கொண்டுவருகிறேன் என்று முன்பே சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம் தம்பி, சும்மா பின்னணிக்குத்தானே" என்றார் ஓர் அண்ணன். பேஸ் கலைஞருக்கான நாளில் பேஸ் வெறும் பின்னணி என்று சொன்ன அந்த வார்த்தைதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

வருகிற ஞாயிறு பின்னேரம் என் வீட்டில் 'நாட்டி ட்ரெட்' தட்டின் இரண்டு பக்கத்தையும், பிறகு 'எக்ஸோடஸ்' தட்டையும் முழுதாகப் போடுகிறேன். பேச்சு இல்லை, படங்கள் இல்லை. பெரியவர் விட்டுப்போன பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. சத்தம் இருக்கும் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மேடையில் பேசியவர்களும் தாராளமாக வரலாம். முகவரி தெரியாதவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள்.